பச்சை ஒளிக்கு நீலக் கண்ணாடி

வண்ணக் கண்ணாடியில் வார்த்த பழைய மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவ்வார்வத்துக்கு ஈடான பொருளொன்று வடசென்னையில் உண்டென்றால், அது இரயில்வே கார்டின் மண்ணெண்ணெய்க் கைவிளக்கே. தாங்கியில் நிறம் சுடருக்குக் கீழே அலங்காரமாக நிற்பதோடு சரி. கைவிளக்கிலோ சுடர் கண்ணாடிக்குப் பின்னால் எரிந்து, நிறத்தையே ஆணையாக்குகிறது. இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட 1856ஆம் ஆண்டிலேயே மதராஸ் இரயில்வேயின் பணிமனையும் அமையப்பெற்று, இரயில்வே ஊழியர்களின் ஊராகவே வளர்ந்த பெரம்பூருக்கு இவ்விளக்கு நெடுங்காலம் வெறும் பணிக்கருவிதான்.

தகர உறை, புகை வெளியேறத் துளையிட்ட குல்லாய், அடியில் எண்ணெய்க் கலமும் திரியும், முகப்பில் ஒளியைத் திரட்டி ஒரே திசையில் செலுத்தும் தடித்த குவிவில்லை ஆகியவற்றோடு, சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகள் பதித்த உருளை ஒன்றும் இதனுள் இருக்கும்; அதைத் திருகினால், சுடரை அணைக்காமலேயே வேண்டிய நிறம் வில்லைக்குப் பின்னால் வந்து நிற்கும்.

பகலில் இதைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அந்தப் 'பச்சை'க் கண்ணாடி ஏறக்குறைய நீலமாகத் தெரிவதால், யாரோ தவறான கண்ணாடியை மாட்டிவிட்டதாகவே தோன்றும். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. ஆதலால் இலைப்பச்சையான கண்ணாடியைப் பொருத்தினால் தொலைவில் ஒளி மஞ்சளித்து வெறுஞ்சுடரோடு குழம்பும் என்பதால், சிவப்பை உறிஞ்சும் நீலப்பச்சைக் கண்ணாடியே தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்நிறத்தைத் தரவல்லது செம்பு ஆக்சைடு. வியப்பு என்னவெனில், அதே செம்பு ஆக்சிஜன் குறைந்த உலையில் நுண்துகள்களாகத் திரண்டு கண்ணாடியைச் சிவப்பாக்கும். அச்சிவப்பு மிக அடர்ந்ததாகையால், நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகவே அதனை ஏற்றினர்; விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிவப்பு ஒரு கோடாக மட்டும் தெரியும். பிற்காலச் செலினியச் சிவப்பிலோ நிறம் முழுத் தடிமனிலும் பரவியிருக்கும். உறையின் பளபளப்பை நம்பி வாங்குவதைவிட இந்த விளிம்புச் சோதனை மேலானது.

தொடக்கத்தில் வெள்ளை ஒளியே 'வழி தெளிவு' என்று பொருள்பட்டது. ஆனால் சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் அபாய விளக்கே வெள்ளையாகி வண்டியை வரச்சொல்லிவிடும் என்பதால், பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பொறுப்பு பச்சைக்கு மாற்றப்பட்டது.

விளக்கின் காலத்தைக் கணிக்க உறையிலுள்ள முத்திரை துணைபுரியும்: 'எம். அண்ட் எஸ்.எம்.' (மதராஸ் அண்ட் சதர்ன் மராத்தா இரயில்வே) என்றிருந்தால் அக்கம்பெனி உருவான 1908க்கு முந்தையதாக இராது. தெற்கு இரயில்வே என்றிருந்தால் 1951க்குப் பிந்தையது. காயலான் கடையில் கிடைத்ததேயாயினும், நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவ்விளக்கினுள் வெள்ளை எல்.ஈ.டி. பல்பைப் பொருத்துவோர், அவ்வொளியில் நீலம் மிகுதியாதலால், பச்சைக்குப் பதில் நீலத்தையே காண்பர். சுடரின் மஞ்சளுக்கு நெருங்கிய பல்பே இக்கண்ணாடிக்குப் பொருந்தும்.