பெரட்டுக்குக் கங்காணி வந்தாரா?



எங்கள் பண்டார் தெங்காராவைச் சுற்றிலும் செம்பனைதான். மாலையில் இடி இடித்தால் மின்சாரம் போவதும் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் இரவு. இளைஞர் குழு ஒன்று இலவச வகுப்புக்கு இணையத்தில் பெயர் பதிந்துகொண்டிருந்தது. மறுநாள் கடைசி நாள். மின்சாரம் திரும்பியது, கணினியும் தானாக எழுந்தது. ஆனால், காலையில் பக்கத்தைத் திறந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது ‘502’ என்ற எண் மட்டுமே. அந்த நிரலை எழுதியவன் நான்தான். எனக்குத் தெரியவந்தபோது நடுப்பகல் ஆகிவிட்டது.

என்ன நடந்தது? இணையத் தளத்துக்குப் பின்னால் இரண்டு பேர் உழைக்கிறார்கள். வாசலில் நிற்பவர் வலை வழங்கி. ‘அப்பாச்சி’, 2004இல் வெளிவந்த ‘எஞ்சின் எக்ஸ்’ எல்லாம் இந்த வகை. படம் கேட்டால் அவரே எடுத்துக் கொடுப்பார். படிவத்தைப் பதியச் சொன்னால், பின்கட்டில் இருக்கும் பயன்பாட்டு வழங்கியிடம் அனுப்புவார். “உள்ளேயிருந்து சரியான பதில் வரவில்லை” என்று வாசல்காரர் சொல்வதுதான் 502.

கணினி தொடங்கும்போதே எழும்படி வாசல்காரரைப் பதிந்திருந்தேன். பின்கட்டுக்காரரையோ நானே கட்டளை தட்டி ஓடவிட்டிருந்தேன். மின்சாரம் போனதும் அவர் விழுந்தார். எழுப்ப ஆள் இல்லை.

நம் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். கங்காணி ஆள் கணக்கு எடுப்பார். வராதவரின் லயத்துக் கதவைத் தட்டுவார். கணினிக்கும் அப்படி ஒரு கங்காணி உண்டு. லினக்ஸில் 2010இல் அறிமுகமான ‘சிஸ்டம்டி’ அந்த வேலையைச் செய்கிறது. “கணினி எழும்போது இதையும் எழுப்பு, விழுந்தால் ஐந்து விநாடி கழித்து மறுபடி எழுப்பு” என்று சிறு கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும். ‘பேசஞ்சர்’ என்ற மென்பொருளை இணைத்தால், வாசல்காரரே பின்கட்டையும் கவனித்துக்கொள்வார்.

ஆனால், பெரட்டில் நிற்பவரெல்லாம் வேலை செய்பவர் அல்லர். நிரல் உயிரோடு இருக்கும், பதில் பேசாது. அதனால் ‘குனிகார்ன்’ போன்றவை, வழக்கமாக 30 விநாடி அசைவற்றுக் கிடக்கும் பணியாளரை நீக்கிவிட்டுப் புதியவரை நிறுத்தும்.

அடிக்கடி விழுவதற்குக் காரணம் நினைவகக் கசிவாக இருக்கலாம், எழுத்துப் பிழையாக இருக்கலாம். எழுப்பிக்கொண்டே இருந்தால் நோய் மறைந்துபோகுமா? சிஸ்டம்டியும் 10 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்பாது. அது அதன் இயல்பான வரம்பு. ஒவ்வொரு விழுகையும் பதிவேட்டில் ஏறவேண்டும். கைப்பேசிக்குத் தகவல் வரவேண்டும்.

கணினியே படுத்துவிட்டால் கங்காணியும் படுத்துவிடுவார். ஆகவே, வேறோர் இடத்துக் கணினி நிமிடத்துக்கு ஒரு முறை வாசலைத் தட்டிப் பார்க்கவேண்டும். கூட்ட நெரிசல் வேறு நோய். 2021 மே மாதம் அஸ்ட்ராசெனகா தடுப்பூசிப் பதிவின்போது பலர் பக்கம் திறக்காமல் தவித்தது நினைவிருக்கும். அதற்குக் கங்காணி மட்டும் போதாது, ஆள்பலம் வேண்டும்.

பதிவு நாளை நீட்டித்தோம். சிலர் திரும்பி வந்தார்கள். முயன்று பார்த்துக் கைவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தளம் நடத்தும் சங்கத்தாரே, கடைக்காரரே! ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் கணினியை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கை வைக்காமலே படிவம் திறக்கிறதா? திறந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கலாம்.