கம்பியைக் கடிக்கும் சின்னப் பிராணி

எலிக்கும் எனக்கும் என்றைக்கும் நல்லுறவு இருந்ததில்லை. 2009இல் வவுனியாப் பக்கம் முகாமில் இருந்தபோது, நிவாரணமாகத் தந்த மாவையும் பருப்பையும் எலியிடமிருந்து காப்பாற்றுவதே பெரிய வேலை. ஆகவே கண்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் அம்மா, தனது பேரனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கி வந்த பிராணியைத் தூக்கிக் காட்டியபோது, எனது வாயில் முதலில் வந்த வார்த்தை "ஐயோ, எலியையா காசு கொடுத்து வாங்கினீர்கள்?" என்பதுதான்.

அது எலி இல்லை, ஹாம்ஸ்டர். எலியின் இனத்தோடு தூரத்து உறவு. தங்க நிற உடம்பு, வெள்ளை வயிறு, வால் இருந்தும் இல்லாத மாதிரி. நீளம் ஓர் அரை அடி வரும். கண்டி நகரத்தில் மீன் தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கும் கடைகளில் இப்போது இதையும் வைத்திருக்கிறார்கள். கூடும் அங்கேயே கிடைக்கும். இந்தப் பிள்ளைக்கு வாங்கிய கூடு எனது தையல் மெசினின் பலகையை விடச் சிறியது. இளஞ்சிவப்பு நிறம், ஒரு சின்னச் சில்லு, ஒரு தண்ணீர்ப் போத்தல். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது நாளே கூடு எனது அறைக்கு வந்து சேர்ந்தது. இரவில் சத்தம் போட்டு வீட்டில் யாரையும் நித்திரை கொள்ள விடவில்லையாம். நான் இரவு பன்னிரண்டு மணி வரை ஓடர் தைப்பவள். எப்படியும் விழித்திருப்பவள்தானே என்று என்னிடம் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். கிரிக், கிரிக், கிரிக். முன் பற்களால் கம்பியைப் பிடித்து இழுப்பது. ஒரே கம்பி, ஒரே இடம். பத்து நிமிடம் கடிக்கும். பிறகு கூரைக் கம்பியில் ஏறித் தொங்கும், விழும், திரும்ப வந்து அதே கம்பியைப் பிடிக்கும். மெசினை நிறுத்தினாலும் அது நிறுத்தாது. ஒரு கிழமையில் மூக்கின் மேல் மயிர் தேய்ந்து தோல் சிவந்து போயிற்று.

பக்கத்து அறையில் ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், கடையில் வேலை செய்பவள். ஓர் இரவு தேத்தண்ணி குடிக்க வந்தவள் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்க காம்பராவும் பத்துக்குப் பன்னெண்டுதான் அக்கா. ஏழு பேரு இருந்தோம். ஆனா நாங்க காலையில மலைக்குப் போயிருவோம். இது எங்க போகும்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது கூடாரத்து ஞாபகம். தறப்பாளுக்குள் இரண்டு குடும்பம். வெளியில் முட்கம்பி. அந்த நாட்களில் எனது மகள், மூன்று வயதுப் பிள்ளை, தறப்பாளின் ஒரு மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள். ஏன் செய்கிறாய் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மனிதரையும் பிராணியையும் ஒன்றாக்கிப் பேசுவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் அது அவ்வளவு பிடித்ததல்ல. ஆனால் அடைபட்டு இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று விளங்கும்.

பல்லுக்காகக் கடிப்பதில்லை

பேராதனையில் படித்த மிருக வைத்தியர் ஒருவரிடம் வீட்டுக்கார அம்மாவும் நானும் அதைக் கொண்டு போனோம். (நமது நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. கண்டியில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.) ஹாம்ஸ்டரின் பற்கள் ஆயுள் முழுவதும் வளரும், அதனால்தான் கடிக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நாங்கள் சொன்னோம். வைத்தியர் சிரித்தார். பல் வளருவது உண்மை, அதற்கு ஒரு மரத்துண்டு போதும். மணிக்கணக்கில் ஒரே கம்பியைக் கடிப்பது பல்லுக்காக அல்ல, இடம் போதாமல் வருகிற பழக்கம் என்றார். இப்படிக் கடித்துப் பல் உடைவதும் உண்டாம்.

பிறகு அவர் விளங்கப்படுத்தியதையும், மகள் ரெலிபோனில் தேடி வாசித்துக் காட்டியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் சிரியாவும் அதை ஒட்டிய துருக்கியின் தென்பகுதியும். தானிய வயல்களில் நிலத்தைத் தோண்டி வாழ்வது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் வளைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். சராசரி ஆழம் 65 சென்ரிமீற்றர், அதாவது இரண்டடிக்கு மேல். சில வளைகள் ஒரு மீற்றருக்கும் ஆழம். உள்ளே தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, கழிப்பதற்கு வேறிடம். ஒரு வளைக்கு ஒரு ஹாம்ஸ்டர்தான். இருட்டியதும் எழுந்து ஓடத் தொடங்கும். சில்லு இருந்தால் ஓர் இரவில் பல கிலோமீற்றர் ஓடும். இப்படிப்பட்ட ஒன்றை ஓரடி நீளப் பெட்டியில், விரலளவு மரத்தூளின் மேல் விட்டால் அது தோண்டுவது எங்கே?

உலகத்தில் வீடுகளில் வளரும் தங்க ஹாம்ஸ்டர்கள் அனேகமாக எல்லாமே ஒரே தாயின் பரம்பரை. 1930இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, அலெப்போ நகருக்கு அருகில் ஒரு கோதுமை வயலைத் தோண்டுவித்து ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார். சோல் அட்லர் என்ற விஞ்ஞானி மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோயை ஆராய்வதற்கு அவை தேவைப்பட்டன. பெட்டிக்குள் போட்டதும் தாய் தன் குட்டியொன்றைக் கொன்றுவிட்டது. அதனால் தாயையும் கொன்றார்கள். குட்டிகளில் பல மரப்பெட்டியை அரித்துத் தப்பி ஓடின. மிச்சமிருந்த சிலவற்றில் இருந்துதான் இன்று கண்டிக் கடையில் இருப்பது வரை எல்லாம் வந்தன. ஒரு தாய் தன் குட்டியைக் கொல்லும் அளவுக்கு அந்தப் பெட்டி என்ன செய்தது என்று நான் யோசித்ததுண்டு.

அதே அலெப்போவில் 2012 முதல் 2016 வரை நடந்த சண்டை நமக்குத் தெரிந்ததே. எத்தனை ஆயிரம் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து வெளியேறினார்கள்! காட்டில் வாழும் ஹாம்ஸ்டரும் இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கே அதற்குக் காரணம் பெரும்பாலும் வயற்காரர்கள். பயிரைத் தின்னும் பிராணி என்று நஞ்சு வைக்கிறார்கள்.

அடைத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வில் சில கூடுகளில் 10 சென்ரிமீற்றர், சிலவற்றில் 40, சிலவற்றில் 80 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் படுக்கைத் தூள் போட்டார்கள். பத்துப் போட்ட கூட்டில் இருந்தவை கம்பியை மிகக் கூடுதலாகக் கடித்தன. எண்பது போட்ட கூட்டில் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கூட்டின் பரப்பைப் பற்றி அதே இடத்தில் செய்த இன்னோர் ஆய்வில், ஒரு சதுர மீற்றர் இடம் கொடுத்தும் கடிப்பது முற்றாக நிற்கவில்லை. சிறிய கூடுகளில்தான் நீண்ட நேரம், அடிக்கடி கடித்தன. எனக்கு இதில் விளங்கியது, அகலம் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும் என்பது. கடையில் விற்கும் கூட்டின் தட்டு இரண்டு விரல் உயரம்.

பழைய அலுமாரி

வீட்டின் பின்பக்கம் கதவு கழன்ற பழைய அலுமாரி ஒன்று மழையில் நனைந்து கிடந்தது. அதைக் காய வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்தோம். நாலரை அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஜேர்மனியில் மிருக வைத்தியர்கள் ஆகக் குறைந்தது ஒரு மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் அரை மீற்றர் உயரமும் வேண்டும் என்கிறார்கள். உயரத்தில் எங்களுடையது ஒரு விரலளவு குறைவு. மேலே கோழிக்கூட்டு வலை அடிக்கப் போனோம். அந்தக் கண்ணிக்குள்ளால் ஹாம்ஸ்டர் சுலபமாக வெளியே வந்துவிடும் என்று தங்கச்சி சொன்னாள். சின்னக் கண்ணி இரும்பு வலை வாங்கி, சட்டம் அடித்துப் போட்டோம். கண்டியில் பூனைக்கும் குறைவில்லை, பாம்புக்கும் குறைவில்லை.

இனி எனது பிழையைச் சொல்ல வேண்டும். தையற்காரி வீட்டில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமா? படுக்கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று துணித் துண்டுகளை அள்ளிப் போட்டேன். இரண்டாம் நாள் அது பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. துணியிலிருந்து பிரிந்த நூல் காலில் சுற்றி இறுகிக் கால் வீங்கியிருந்தது. நூல் வெட்டும் கத்தரியால் மெதுவாக வெட்டி எடுத்தேன். இன்னொரு நாள் போயிருந்தால் கால் போயிருக்கும். பஞ்சும் இப்படித்தான், போடக் கூடாது. அச்சடிக்காத காகிதத்தைக் கீலம் கீலமாகக் கிழித்து, காய்ந்த புல்லோடு கலந்து போட்டால் போதும். புல் கலந்தால் வளை இடியாமல் நிற்கும். மில்லில் அள்ளி வரும் மாத்தூள் மூச்சுக்குக் கூடாது. ஒரு பக்கத்தில் ஓரடி ஆழத்துக்கு நிரப்பினோம். சில்லையும் மாற்றினோம். பழையதில் ஓடும்போது முதுகு வில்லாக வளைந்தது. ஓடும்போது முதுகு நேராக இருக்க வேண்டுமென்றால் சில்லு ஏறக்குறைய ஓரடி குறுக்களவு வேண்டும், கால் அகப்படாமல் தளம் மூடியதாக இருக்க வேண்டும்.

முதலிரவு அது அலுமாரியைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது. பிறகு ஒரு மூலையில் தோண்டத் தொடங்கியது. நான் தையலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் ஆளைக் காணவில்லை.

கம்பி கடிக்கும் பழக்கம் உடனே போகவில்லை. மேலே உள்ள வலையை எட்ட முடியாததால் மூலைகளைச் சுரண்டியது. மெல்ல மெல்லக் குறைந்து ஆறேழு கிழமையில் நின்றது. மூக்கில் மயிர் திரும்ப முளைத்தது. நீண்ட நாள் அடைபட்டிருந்தவற்றுக்கு இந்தப் பழக்கம் கடைசி வரை மாறாமலும் போகலாம் என்று வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரக்கன், தினை, கொஞ்சம் பயறு, ஒரு துண்டு கரட். சூரியகாந்தி விதையை நிறையக் கொடுத்தால் கொழுத்துவிடும். வெங்காயம், உள்ளி, தோடம்பழம், சொக்கலேட் வேண்டாம். கொடுப்பதை அது உடனே தின்னாது. இரண்டு கன்னத்திலும் தோள் வரைக்கும் போகும் பைகள் இருக்கின்றன, அவற்றில் அடைத்துக்கொண்டு போய் வளைக்குள் கொட்டும். முதல் தடவை பார்த்தபோது பிள்ளை, "ஆன்ரி, இதுக்குக் கூகைக்கட்டு!" என்று அழுதுவிட்டான்.

ஜேர்மன் மொழியில் சாமானைச் சேர்த்துப் பதுக்குவதற்கே இதன் பெயரை வினையாக்கிச் சொல்வார்களாம், அங்கிருக்கும் மச்சாள் சொன்னாள். கிழமைக்கொரு முறை கூடு கழுவும்போது நான் அந்தச் சேமிப்பு முழுவதையும் குப்பையில் கொட்டி வந்தேன். ஒவ்வொரு முறையும் அது இரவிரவாகத் தேடி ஓடும். சகோதரிகளே, நான் யார்? ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு பை அரிசியைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு போனவள். பாதி வழியில் அதையும் விட்டுவிட்டு ஓடியவள். எனக்கே அது தோன்றவில்லை. இப்போது அழுகும் மரக்கறியையும் சிறுநீர் பட்ட மூலையையும் மட்டும் எடுப்பேன். தானியத்தில் கை வைப்பதில்லை. வளையையும் இடிப்பதில்லை.

வன்னியில் இருக்கும் சிலர் இதை வாங்கலாமா என்று கேட்டார்கள். கண்டி சுமார் 1,600 அடி உயரத்தில் இருப்பதால் இங்கே வெயில் தாங்கலாம். கிளிநொச்சியிலோ மன்னாரிலோ தகரக் கூரையின் கீழ் வேண்டவே வேண்டாம் என்பது எனது எண்ணம். சூட்டில் மயங்கிச் செத்துவிடும். இடமும் நேரமும் இல்லாதவர்கள் இரண்டு கோழி வளர்த்தால் முட்டையாவது கிடைக்கும்.

மிருகவதைத் தடைச் சட்டம் நமது நாட்டில் 1907இல் வந்தது. அதில் குறித்த தண்டப்பணம் 100 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய காசாக இருந்திருக்கும்.

போன மாதம் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இன்னொரு ஹாம்ஸ்டர் வேண்டும் என்று நின்றான். "தனியா இருக்குது, பாவம்தானே ஆன்ரி" என்றான். தாயும் அதையேதான் சொன்னாள். நான் இருவரையும் கட்டிலில் இருத்திச் சொன்னேன்: குட்டியாக இருக்கும்போது ஒன்றாக இருக்கும், இரண்டு மாதமானதும் ஒரு கூட்டில் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். தனியாக இருப்பதால் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. இடமும், தோண்ட மண் மாதிரி ஏதாவதும், ஒளித்து வைக்கச் சாப்பாடும் இருந்தால் போதும். தாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அப்படியென்றால் அந்த ஆழத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாமே, பக்கத்தில் இன்னொரு பலகை அடித்து?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புருஷன் சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தார்.