மணி ஒலித்ததும் எழுந்திருங்கள்: தேர்வுக்காலப் படிப்பும் ஓய்வும்

பொதுத்தேர்வுகள் நெருங்கும் மாதங்களில், எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்குத் தலைவலியோடு வரும் மாணவர்கள் அதிகமாவதைக் காண்கிறோம். பிள்ளையின் அன்றாடம் குறித்துக் கேட்டால், "விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவான் டாக்டர். ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் புத்தகத்தை மூட மாட்டான்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அக்குரலில் கவலையோடு சற்றுப் பெருமையும் கலந்திருக்கும். ஆனால் நெடுநேரம் அமர்ந்திருப்பதும் நெடுநேரம் படிப்பதும் ஒன்றல்ல. நேரத்தை அளந்து படிக்கும் எளிய முறை ஒன்றை இவ்விதழில் எடுத்துரைக்கிறோம்.

முறை எவ்வாறு பிறந்தது?

1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர், படிப்பில் மனம் ஒன்றாமல் தவித்தார். சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவ நேரங்காட்டியை முடுக்கிவைத்து, அது ஒலிக்கும்வரை மட்டும் படிப்பது என்று வரையறுத்துக்கொண்டார். தக்காளியைக் குறிக்கும் 'பொமோடோரோ' என்னும் இத்தாலியச் சொல்லே அம்முறைக்குப் பெயராயிற்று.

25 நிமிடம் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும். பின்னர் 5 நிமிடம் இடைவேளை. இவ்வாறு நான்கு சுற்றுகள் முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இந்த 25 என்னும் எண் மருந்தின் அளவைப் போன்றதன்று. கணக்குப் போடும் மாணவருக்கு 40 நிமிடம் தேவைப்படலாம். சிறு குழந்தைக்கு 15 நிமிடமே போதும். மணி ஒலித்தால் எழுவது என்பதே முதன்மையானது.

ஒவ்வொரு சுற்றின் இறுதியில்

சுற்றின் கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதிப் பார்ப்பது நல்லது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரே பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிலிருந்தது.

இடைவேளையில் என்ன செய்யலாம்?

எழுந்து நடக்கலாம்; தண்ணீர் அருந்தலாம்; கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்து வரலாம். சன்னல் வழியாகத் தொலைவில் உள்ள மரத்தையோ மாடியையோ பார்த்தால் கண்களின் இறுக்கம் தளரும். கைப்பேசியை மட்டும் தொட வேண்டாம். அதில் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக நிற்பதில்லை. நேரம் பார்ப்பதற்கும் சாதாரண அலாரக் கடிகாரமே போதும்.

உறக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்

நாங்கள் இம்முறையைப் பரிந்துரைக்க முதன்மையான காரணம், படிப்புக்கு இது ஒரு முடிவைத் தருகிறது என்பதே. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். ஆகவே கால அட்டவணையில் உறங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள். மிஞ்சும் நேரத்தில் எத்தனை சுற்றுகள் அடங்குமோ அவையே அன்றைய படிப்பு.

உறக்கக் குறைவும், உணவைத் தவிர்ப்பதும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியவை. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும் ஒருவகை வலிப்பில், காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் திடீரெனத் துள்ளும். கையிலுள்ள பல்துலக்கியோ தம்ளரோ நழுவி விழும். இரவு கண்விழித்த மறுநாள் இது மிகும். தேர்வுப் பதற்றம் என்று எண்ணி வீட்டார் இதைப் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள், தூக்கம் வருகிறது என்று தேர்வு நாள்களில் தாமாக அதை நிறுத்தக் கூடாது.

திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலி, உறக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இடைவேளையில் மொட்டைமாடியில் நிற்கும் பிள்ளையிடம், "படிக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். அந்த ஐந்து நிமிடமும் படிப்பின் பகுதியே. குறித்த சுற்றுகள் முடிந்த பின்னும் விளக்கு எரிந்தால், அதை அணைக்கும் பொறுப்பை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.