கடல் இருந்த மண்ணிலிருந்து கடற்கரைக்கு: மிதிவண்டிப் பயணமும் இளையோர் விடுதியும்

தோற்றுவாய்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை இல்லை. பாடநூலில் கடலைப் படித்து, தேர்விலும் அதைப் பற்றி எழுதி, ஆனால் அலையோசையைக் காதால் கேளாத மாணவர் இங்கு உளர். ஆயினும் அவர்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணின் ஒரு பகுதி முன்னொரு காலத்தில் கடலடியில் கிடந்தது. அன்றிருந்த கடலுக்கும் இன்றுள்ள கடலுக்கும் இடைப்பட்ட தொலைவை இளைஞர் சிலர் கூடி மிதிவண்டியில் கடக்க இயலுமா? இயலும். அதற்கு வேண்டுவன யாவை என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதி தோன்றிய வரலாறு

இளையோர் விடுதி என்னும் எண்ணம் ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் பிறந்தது. ஜெர்மனி நாட்டின் ஆல்டெனா நகரில் பணியாற்றிய ரிச்சர்டு ஷிர்மன், தம் மாணவரை நெடுந்தொலைவு நடத்தி அழைத்துச் சென்று நாட்டைக் காட்டும் வழக்கமுடையவர். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அத்தகைய பயணமொன்றில் இடியும் மழையும் சூழ்ந்துகொண்டன. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இடம் கிடைக்க, வைக்கோலைப் பரப்பி மாணவர் உறங்கினர். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை ஏன் வழிச்செல்லும் மாணவருக்குத் திறந்துவிடக் கூடாது என்ற வினா அன்றிரவு அவருள் எழுந்தது. 1912-இல் ஆல்டெனாக் கோட்டையில் நிலையான முதல் விடுதி அமைந்தது. பின்னர் இவ்வியக்கம் உலகெங்கும் பரவியது.

1930-இல் இங்கிலாந்தில் இவ்வியக்கம் காலூன்றியபோது விதித்த விதியொன்று நோக்கத்தக்கது. நடந்தோ, மிதிவண்டியிலோ, துடுப்புப் படகிலோ தம் சொந்த வலிமையால் வருவோருக்கே விடுதியில் இடம். மோட்டார் வண்டியில் வருவோருக்கு இல்லை. செல்வம் குறைந்த இளைஞனும் ஊர் காண வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இவ்வெண்ணம் நமக்கும் புதிதன்று. சத்திரமும் சாவடியும் நம் நெடுவழிகளில் இருந்தவையே. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம், வழிப்போக்கருக்கு உணவும் மாணவருக்குக் கல்வியும் வழங்கியது. சராய், முசாபர்கானா என்னும் சொற்களும் அதே அறத்தின் வேறு பெயர்களே.

வழியும் நிலமும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஜெயங்கொண்டம் 35 கிலோமீட்டர் அளவு. பின்னர் கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியே பரங்கிப்பேட்டையை அடைய இன்னும் 70 கிலோமீட்டர் ஆகும். மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும் நிலம் இது. ஆகவே போகும் வழி பெரும்பாலும் மெல்லிய இறக்கமே.

பேருந்தில் செல்பவர் இந்நிலத்தின் மாற்றத்தை உணர்வதில்லை. மிதிவண்டியில் செல்பவருக்கோ ஒவ்வொரு கல் தொலைவும் ஒரு பாடம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் கிடக்கிறது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் இதனைக் கண்டறிந்தார். இது பயண வழியில் இல்லை. முன்னதாக ஒரு விடுமுறை நாளில் பார்த்துவருதல் நன்று. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பகுதியில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காய்ச் செறிந்துள்ளன. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டு என்னும் அழிந்துபட்ட கடலுயிரியின் எச்சங்களும் இப்பகுதியில் கிடைக்கின்றன. அரியலூருக்கு அருகே வாரணவாசியில் இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு.

இங்குள்ள சுண்ணாம்புக்கல் அக்கடல் விட்டுச் சென்றதே. அதுவே சிமெண்டு ஆலைகளை இங்கு வரவழைத்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் அப்பழங்கடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது எனலாம். ஆனால் வெட்டி எடுத்த பாறையில் இருந்த சிப்பியை மீண்டும் பெற இயலாது. தம் ஊர் மண்ணின் வரலாற்றை அறிந்த இளைஞர் இருந்தால்தான் எஞ்சியிருப்பதைக் காக்கக் குரல் எழும்.

ஜெயங்கொண்டம் கடந்தால் முதலாம் இராசேந்திரனின் தலைநகர். 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய மன்னன் இருந்த ஊர், கடலுக்கு ஐந்து மணி நேர மிதிவண்டித் தொலைவில் உள்ளது. உள்நாட்டு ஊர் என்பதால் கடல் நமக்கு அயலானது என்று எண்ண வேண்டுவதில்லை. அப்பால் புன்செய் மறைந்து நெல்வயல் தோன்றும். வீராணம் ஏரியின் கரை தென்படும்.

பயணம் முடியும் பரங்கிப்பேட்டையில் கடலில் கலப்பது வெள்ளாறு. இவ்விரு மாவட்டங்களின் வடவெல்லையில் ஓடும் அதே வெள்ளாறுதான்! தம் ஊர் ஆறு எங்கே போகிறது என்பதை மாணவர் கண்ணாரக் காணும் இடம் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அங்கேயே உள்ளது. தெற்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது தன் பின்னே இருந்த ஊர்களுக்கு அரணாய் நின்ற காடு அது.

காலமும் காற்றும்

தை, மாசித் திங்கள்களே ஏற்றவை. அப்போது வடகிழக்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும். களைத்துத் திரும்பும்போது துணை நிற்கும். பிற்பகலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளுமாதலால் கடற்கரையை முற்பகலிலேயே அடைதல் நலம்.

சாதாரண மிதிவண்டியில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வரை செல்லலாம். ஜெயங்கொண்டத்து மாணவருக்குச் சனி, ஞாயிறு இரு நாள்களே போதும். பெரம்பலூர் மாணவருக்குப் பொங்கல் விடுமுறை போன்ற நான்கு நாள் வேண்டும். முதல் இரவைக் கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிக் கழிக்கலாம்.

சிமெண்டு ஆலைச் சாலைகளில் லாரிப் போக்குவரத்து மிகுதி. இருவர் இணையாகச் செல்லாமல் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். விடியலில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் பாதி வழி கடத்தலும், இருட்டிய பின் ஓட்டாமையும் இன்றியமையாதன. குழுவுக்கு ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மாற்று டியூபு இரண்டு. ஆளுக்கு ஒரு போர்வை, உப்பிட்ட எலுமிச்சை நீர் ஆகியவை போதும். குழுவின் வேகம் மெதுவாக ஓட்டுபவரின் வேகமே என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மகளிரும் மிதிவண்டியும்

இத்தகைய பயணம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சேர்த்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஏளனத்தைப் பொருட்படுத்தாது ஓட்டக் கற்றனர். பின்னர் அரசு, பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, மாணவருக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் பள்ளி முடிந்ததும் அவ்வண்டி திண்ணையில் சாய்ந்து துருப்பிடிப்பதையும் காண்கிறோம். ஆசிரியையர் உடன்வர, பாதுகாப்பான தங்குமிடமும் உறுதியானால் பெற்றோர் தயக்கம் குறையும்.

தங்குமிடம்

ஆக, மிதிவண்டி இருக்கிறது, வழி இருக்கிறது, காண்பதற்குக் கடலும் இருக்கிறது. இல்லாதது குறைந்த செலவில் ஓரிரவு தங்கும் கூரையே. புதுச்சேரியில் கடலை ஒட்டிய சோலை நகரில் இளையோர் விடுதி உண்டு. எனினும் இரு நாள் பயணத்துக்கு அது எட்டாத் தொலைவு. இங்குதான் ஷிர்மன் கண்ட வழி நமக்கு உதவும். கட்டடம் கட்ட வேண்டியதில்லை. கடற்கரை ஊர்ப் பள்ளி அல்லது கல்லூரி ஒன்று விடுமுறையில் இரு வகுப்பறைகளையும் குடிநீரையும் கழிப்பறையையும் தந்தால் போதும். தலைமையாசிரியர்கள் இருவர் கடிதம் எழுதிக்கொண்டால் முடியும் செயல் இது. கைம்மாறாகக் கடற்கரை மாணவர் இங்கு வரும்போது நம் பள்ளிகள் திறந்திருக்க வேண்டும். கல்லாகிய கடலை அவர்களும் காண வேண்டுமன்றோ?

நிறைவாக

கல்வி வகுப்பறையில் தொடங்கலாம். அங்கேயே முடிதல் கூடாது. கையில் ஒரு சிப்பி ஓட்டோடு அரியலூரில் புறப்படும் மாணவன், பரங்கிப்பேட்டை மணலில் அதனை ஒத்த மற்றொன்றை எடுத்துப் பார்க்கும் கணத்தில், பல கோடி ஆண்டுகள் அவன் உள்ளங்கையில் வந்து சேரும். அதற்காக ஒரு வகுப்பறைக் கதவை ஓரிரவு திறந்துவைக்க நம் நிறுவனங்கள் முன்வருதல் வேண்டும்.