ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே வம்சமா?

பிரிட்டனின் பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றாக இருந்த கிளாக்ஸோ வெல்கமில் உரையாற்ற, 1990-களின் பிற்பகுதியில் மரபியல் பேராசிரியர் ஒருவர் அழைக்கப்பட்டார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் பெயர் பிரையன் சைக்ஸ். அந்த நிறுவனத்தின் தலைவர் பெயர் சர் ரிச்சர்ட் சைக்ஸ். “அவர் உங்களுக்குச் சொந்தமா?” என்ற கேள்வி எழுந்தது. இருவரும் அறிந்த உறவு எதுவும் இல்லை. ஆனால், அறியாத உறவு இருக்கிறதா என்று பார்க்கும் வசதி பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. இருவரின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தந்தைவழியில் மட்டும் இறங்கிவரும் ஒய் குரோமோசோமில் இருவருக்கும் ஒரே அமைப்பு இருந்தது.

தற்செயலாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, யார்க்‌ஷர், லங்காஷர், செஷர் ஆகிய வட இங்கிலாந்து மாவட்டங்களில் சைக்ஸ் என்ற பெயர்கொண்ட ஆண்களுக்குக் கடிதம் எழுதி மாதிரி கேட்டார். கேத்தரின் இர்வென் என்பவருடன் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2000-ல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஹியூமன் ஜெனட்டிக்ஸ்’ இதழில் வெளியானது. சோதிக்கப்பட்ட 48 பேரில் 21 பேருக்கு ஒரே அமைப்பு. அதாவது 44 சதவீதம். அதே வட்டாரத்தில் வேறு பெயர்களோடு வாழும் ஆண்களிடம் தேடியபோது அந்த அமைப்பு கிடைக்கவில்லை. குடும்பப் பெயரையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் படிக்கும் துறைக்கு இந்தச் சிறிய ஆய்வுதான் வழி திறந்தது.

பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் ஆதிகாலத்து வழக்கம் அல்ல. 1066-ல் நார்மன்கள் நாட்டைக் கைப்பற்றிய பிறகு, நிலவுடைமைப் பிரபுக்கள் முதலில் அதை ஏற்றார்கள். சொத்து யாருக்குப் போகிறது என்பதைப் பெயரே காட்ட வேண்டியிருந்தது. உழவரும் கைவினைஞரும் பெரும்பாலும் 13, 14-ம் நூற்றாண்டுகளில்தான் பெற்றார்கள். வரி வாங்கவும் நீதிமன்றப் பதிவேட்டில் எழுதவும் ஒரே ஊரின் பல ஜான்களைப் பிரித்தறிய அதிகாரிகளுக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது. தொழிலால் வந்தது ஸ்மித் (கொல்லர்), டெய்லர் (தையற்காரர்). தகப்பன் பெயரால் வந்தது ஜான்சன், ராபின்சன். உருவத்தாலோ நிறத்தாலோ வந்தது ஷார்ட், பிரவுன். இடத்தால் வந்த வகையைச் சேர்ந்தது சைக்ஸ். ‘சைக்’ என்றால் வட இங்கிலாந்துப் பேச்சில் சிற்றோடை. ஓடைக்கரையில் குடியிருந்தவருக்கு அது பெயரானது.

இங்குதான் ஒரு சிக்கல். யார்க்‌ஷரில் ஓடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல குடும்பங்கள் வெவ்வேறு ஓடைக்கரைகளில் இதே பெயரைப் பெற்றிருக்க வேண்டும் என்று பெயராய்வாளர்கள் கருதிவந்தார்கள். மரபணு ஆய்வு அதற்கு எதிராகப் பேசியது: இன்றுள்ள சைக்ஸ்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே மனிதரின் வழிவந்தவர்களாக இருக்கலாம். பல ஓடைக்கரைகளில் தொடங்கியிருந்தாலும் நிலைத்தது ஒரு வழியாக இருக்கக்கூடும். 1348-49-ல் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோரை வாரிக்கொண்டு போனது. அதில் எத்தனையோ குடும்பப் பெயர்கள் பூண்டோடு அழிந்தன. தப்பியவர்களிலும் மகன் இல்லாத வீடுகளில் பெயர் நின்றுபோனது. தலைமுறை தோறும் இப்படிச் சில வழிகள் அறுபட, பல மகன்களைப் பெற்ற சில வழிகள் பெருகுகின்றன.

ஒய் குரோமோசோம் என்ன காட்டும்?

ஆணிடம் மட்டும் இருப்பது ஒய் குரோமோசோம். தந்தையிடமிருந்து மகனுக்கு அது ஏறக்குறைய அப்படியே போகிறது. தாயின் மரபணுவோடு கலப்பதில்லை. ஆங்கிலக் குடும்பப் பெயர் பயணிக்கும் பாதையும் அதுவே. ஆகையால் ஏட்டில் இருக்கும் பெயரை உடலில் இருக்கும் குரோமோசோமைக் கொண்டு சரிபார்க்க முடிகிறது. ஒய் குரோமோசோமின் சில இடங்களில் சிறு எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். எந்த இடத்தில் எத்தனை முறை வருகிறது என்ற எண்களின் வரிசைதான் ஒருவரின் ‘அமைப்பு’. பல தலைமுறைக்கு ஒருமுறை இந்த எண்களில் ஒன்று கூடும் அல்லது குறையும். இரண்டு பேரின் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்து, அவர்களின் பொது மூதாதை ஏறத்தாழ எத்தனை தலைமுறைக்கு முன் வாழ்ந்தார் என்று கணிக்கலாம்.

சைக்ஸ் ஆய்வு பார்த்தது நான்கே இடங்களைத்தான். அன்றைய தொழில்நுட்பத்துக்கு அது போதுமானது. இன்றைய சோதனைகள் பல பத்து இடங்களைப் பார்க்கின்றன. குறைவான இடங்களில் ஒத்துப்போகிற இருவர், கூடுதலாகப் பார்க்கும்போது விலகிப்போகலாம். அதனால் பழைய முடிவுகளை இன்று கொஞ்சம் நிதானத்தோடு படிக்க வேண்டும்.

மீதிப் பேர் யார்?

48 பேரில் 27 பேருக்கு அந்த அமைப்பு இல்லை. அவர்கள் ‘போலி’ சைக்ஸ்களா? இல்லை. பெயரும் குரோமோசோமும் பிரிந்துபோகப் பல வழிகள் உண்டு. சுவீகாரம் போன பிள்ளை, மாற்றாந்தகப்பன் பெயரை ஏற்ற சிறுவன், திருமணமாகாத தாயின் பெயரோடு வளர்ந்தவன், தாய்மாமன் சொத்தைப் பெறுவதற்காகப் பெயரை மாற்றிக்கொண்ட மருமகன் என எல்லோரும் இங்கிலாந்தின் சர்ச் பதிவேடுகளில் இருக்கிறார்கள். வேறொரு ஓடைக்கரையில் தனியாகத் தொடங்கிய சைக்ஸ் குடும்பமும் இருந்திருக்கலாம். கணவன் அல்லாதவருக்குப் பிறந்த பிள்ளை என்பது இந்தப் பட்டியலில் ஒரு காரணம் மட்டுமே.

அந்தக் காரணமும் பொதுவாக நினைப்பதைவிட அரிதானது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் லார்முசோ தலைமையிலான குழு, பெல்ஜியம், நெதர்லாந்துக் குடும்பங்களின் வம்சாவளியையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பிறப்புகள் தலைமுறைக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் என்று கண்டது. 19-ம் நூற்றாண்டில் நெரிசலான நகரங்களில் வாழ்ந்த ஏழைகளிடையே மட்டும் அது 6 சதவீதத்தை நெருங்கியது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துத் தலைமுறைக்கு 2 சதவீத வழிகள் அறுபடுவதாக வைத்துக்கொண்டாலும், 25 தலைமுறை கழியும்போது 40 சதவீதத்தினரிடம் முதல் மனிதரின் குரோமோசோம் இருக்காது. சிறுகச் சிறுகச் சேர்ந்ததுதான் இவ்வளவு பெரிய விலகல்.

அரிய பெயரும் பொதுப் பெயரும்

சைக்ஸ் குடும்பத்துக்குப் பொருந்துவது எல்லாப் பெயருக்கும் பொருந்துமா? லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்து 2009-ல் விடை தந்தார்கள். பெயர் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு ஒரே மூதாதை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அட்டன்பரோ என்ற அரிய பெயர்கொண்ட ஆண்களில் 87 சதவீதத்தினர் ஒரே வழியைச் சேர்ந்தவர்கள். ஸ்மித்களிடமோ அப்படி எந்த ஒற்றுமையும் தெரியவில்லை. கொல்லுப் பட்டறை இல்லாத ஊர் ஏது? இரண்டு ஸ்மித்கள் சந்தித்துக்கொண்டால் அவர்களுக்குள் உறவு இருக்கும் வாய்ப்பு, சாலையில் போகும் எந்த இருவருக்குள்ளும் இருக்கும் வாய்ப்பைவிடப் பெரிதாக இல்லை.

இதே குழு 2007-ல் வெளியிட்ட இன்னொரு முடிவு வரலாற்றாசிரியர்களையும் நிமிர்ந்து பார்க்கவைத்தது. யார்க்‌ஷரைச் சேர்ந்த ஓர் அரிய பெயர்கொண்ட 18 ஆண்களைச் சோதித்தபோது, 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய மிகப் பழைய ஒய் வகை இருந்தது. தோற்றத்திலும் குடும்ப நினைவிலும் அவர்கள் வெள்ளை ஆங்கிலேயர்கள். ஏடுகளின்படி அவர்களின் வம்சாவளி 1780-களில் இருந்த இரண்டு கிளைகளுக்குப் போய்ச் சேர்கிறது; குரோமோசோம் அதற்கும் முன்னால் அந்த இரண்டையும் ஒரே மூதாதையிடம் கொண்டுசேர்க்கிறது. அந்த ஆப்பிரிக்கர் ரோமானியப் படையோடு வந்தவரின் வழியினரா, அடிமை வணிகக் காலத்தில் கொண்டுவரப்பட்டவரா என்பதைக் குரோமோசோம் சொல்லாது. ஆனால், ‘கலப்பில்லாத ஆங்கில ரத்தம்’ என்று பெயரை வைத்துப் பெருமை பேசுவோருக்கு இந்த ஏழு பேரே பதில்.

பெயருக்குள் அடங்காதது

குடும்பப் பெயர் காட்டுவது தந்தையின் தந்தையின் தந்தை என்று போகும் ஒற்றை வழியை மட்டுமே. பத்துத் தலைமுறைக்கு, அதாவது சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னால் போனால், ஒருவரின் வம்சப் பட்டியலில் 1,024 இடங்கள் இருக்கும். பெயர் வந்தது அவற்றில் ஒன்றிலிருந்து. தாயின் குடும்பம், பாட்டிமார்களின் குடும்பங்கள் என மற்ற 1,023 இடங்களும் பெயரில் இல்லை. உயரம், நோய்வாய்ப்பு போன்றவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை அந்த வழிகளிலிருந்தே வந்தவை. ஆகவே ‘நான் ஒரு சைக்ஸ்’ என்பது தந்தைவழி அடையாளமாகச் சரி. முழு மரபாக எடுத்துக்கொண்டால் மிகச் சிறு துண்டு.

தமிழருக்கு இது எப்படிப் பொருந்தும்?

தமிழ்நாட்டு வழக்கில் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் முன்னெழுத்தாக நிற்கிறது. வெளிநாட்டுப் படிவங்களில் அதுவே குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. டொரன்டோவில் இரண்டு சுப்பிரமணியம் குடும்பங்கள் இருந்தால், இருவரின் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அதே முருகன் பெயர் வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. சாதிப் பட்டங்களும் அப்படியே. லட்சக்கணக்கானோர் சேர்ந்து சுமக்கும் பட்டம் ஒற்றை மூதாதையைக் காட்டாது.

சைக்ஸ் போன்ற ஆய்வுக்கு நம்மிடையே பொருந்தக்கூடியவை வேறு. நகரத்தாரின் ஒன்பது கோவில் பிரிவுகளும் கொங்கு வேளாளரின் கூட்டங்களும் தந்தைவழியில் இறங்குபவை. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் இல்லை. பங்காளி முறை என்பதே ஒய் குரோமோசோம் போகும் பாதைதான். அங்கும் சுவீகாரம் உண்டு, இடையில் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பங்காளி என்ற உறவை நிலைநாட்டுவது ஊரும் கோயிலும் ஏற்ற முறையே தவிர, ஆய்வுக்கூடம் தரும் எண்கள் அல்ல.

சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

எச்சிலை அனுப்பினால் மூதாதையரைச் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் இன்று பல. அங்கே கொடுப்பது ஒருவரின் டிஎன்ஏவாக இருந்தாலும், வெளிப்படுவது குடும்பம் முழுவதின் தகவல். பெயர் நீக்கிப் பொதுவில் வைக்கப்பட்டிருந்த மரபணுத் தரவுகளிலிருந்து, வம்சாவளி இணையதளங்களை மட்டும் கொண்டு உரியவர்களின் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று மெலிசா கிம்ரெக், யானிவ் எர்லிக் குழு 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் நிரூபித்தது. ‘23அண்ட்மீ’ நிறுவனத்தில் 2023-ல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

எனவே, ஆர்வம் இருப்பவர்கள் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஆண் பெண் இருபுறமும் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பத்திரங்கள், கோயில் கணக்குகள், பழைய திருமண அழைப்பிதழ்களைத் திரட்டுங்கள். அதற்குப் பிறகும் சோதனை தேவை என்று தோன்றினால், தரவை யார் வைத்திருப்பார்கள், எப்படி அழிப்பார்கள் என்பதைப் படித்துவிட்டு, உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எதிர்பாராத முடிவு வந்தால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களும்தான்.