மாலையும் கையொப்பமும்

1956ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள். மத்தியதரைக் கடலோரத்துச் சிறு நாடாகிய மொனாக்கோவின் அரண்மனையில், அந்நாட்டை ஆண்ட ரெய்னியர், திரைப்பட நடிகை கிரேஸ் கெல்லியைச் சட்டப்படி மணந்துகொண்டார். மறுநாள் புனித நிக்கோலஸ் பேராலயத்தில், ஆயர் முன்னிலையில், அதே மணமகளை மீண்டும் மணந்தார். மணமகன் ஒருவர், மணமகள் ஒருவர், திருமணம் மட்டும் இரண்டு!

அரச வீட்டுச் செல்வச் செழிப்பால் இருமுறை விழா எடுத்தனர் போலும் என்று நம்மவர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. முதல் நாள் நடந்தது சட்டத்தின் கண்ணில் திருமணம்; மறுநாள் நடந்தது சமயத்தின் கண்ணில் திருமணம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்வழக்கத்தின் வேர் பிரெஞ்சு நாட்டில் இருக்கிறது. அங்கே பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதியும் ஏடுகள் முற்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களின் கையில் இருந்தன. அக்கோயிலைச் சேராத புரோட்டஸ்டண்டு மக்களின் திருமணத்துக்கு 1787 வரை சட்டத்தில் இடமில்லை. புரட்சி மூண்டபின், 1792இல் அவ்வேடுகள் நகராட்சியின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. 1804இல் நெப்போலியன் வகுத்த சட்டத் தொகுப்பு இதனை நிலைபெறச் செய்தது. சட்டம் வகுத்தவரும் அதற்கு விலக்காகவில்லை. 1810இல் ஆஸ்திரிய அரசகுமாரி மரீ லூயிசை அவர் மணந்தபோது, ஏப்ரல் 1ஆம் நாள் சேன்குளூ அரண்மனையில் சட்ட மணமும், மறுநாள் லூவர் அரண்மனையில் சமய மணமும் நடைபெற்றன.

பெல்ஜியத்தில் சட்ட மணமே முந்த வேண்டும் என்று 1831ஆம் ஆண்டு அரசியலமைப்பே விதித்தது. 1960 டிசம்பர் 15ஆம் நாள் மன்னர் பொதுவான், ஃபபியோலாவை மணந்தபோது, அரண்மனையில் சட்ட மணம் முடிந்த பின்னரே பேராலயத்துக்குப் புறப்பட்டார். நெதர்லாந்தில், 2002 பிப்ரவரி 2ஆம் நாள், அந்நாள் இளவரசர் வில்லெம் அலெக்சாந்தருக்கு முதலில் மணம் செய்துவைத்தவர் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவரே. இங்கிலாந்தில் கோயில் திருமணமே சட்டத்துக்கும் போதும். எனினும் 2005இல் இளவரசர் சார்லஸ் இரண்டாம் முறை மணந்தபோது வின்சர் நகர மண்டபத்தில் சட்ட மணம் செய்துகொண்டு, பின்னர்க் கோயிலில் ஆசி பெற்றார். அன்னையாகிய அரசியார் ஆசி வழிபாட்டுக்கு மட்டுமே வந்திருந்தார்.

இவ்வழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையில், 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் மரபுவழிக் குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர் பலர் உண்டு. அவர்களுக்குத் திருமணம் என்பது நகராட்சி ஏட்டில் பதிவதே. கோயில் மணம் அதன்பின் வருவது. புதுவை மக்கள் 'மேரி' என்று வழங்கும் கடற்கரை நகராட்சி மாளிகை 2014இல் இடிந்து, பின்னர்ப் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு நிற்கிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தொல்காப்பியமே நமக்கு வழிகாட்டுகிறது. மக்களிடையே பொய்யும் தவறும் தோன்றிய பிறகே கரணம், அதாவது திருமணச் சடங்கு, வகுக்கப்பட்டது என்கிறார் ஆசிரியர். மணந்தவன் பின்னாளில் மறுத்துவிடாதபடி ஊரறியச் செய்த காவலே சடங்கு என்பது இதன் கருத்து. அகநானூறு காட்டும் திருமணத்திலோ தீவலமும் இல்லை, புரோகிதரும் இல்லை. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர்.

புரோகிதர் இல்லாத திருமணத்தை நம் காலத்தில் பெரியார் மீண்டும் நாட்டில் பரப்பினார். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அவர் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவ்வழி மணந்தனர். ஆனால் 1950களில் வந்த ஒரு வழக்கில், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. மேடையில் மாலை மாற்றி மனமொத்து வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர் என்னும் நிலை வந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு இக்குறை நீங்கியது. உற்றார் முன்னிலையில் உறுதிமொழி கூறினாலும், மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். முன்னர் நடந்தவையும் செல்லும்.

பெங்களூர்வாழ் தமிழர் இங்கேதான் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அத்திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. கர்நாடகத்தில் அத்தகைய பிரிவு இல்லை. இங்குள்ள மண்டபத்தில் சடங்கின்றி மாலை மட்டும் மாற்றிக்கொண்டால், பின்னாளில் வழக்கென்று வரும்போது வினா எழக்கூடும். இதற்கு வழி 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்களுள் ஒருவரேனும் 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி கூறிக் கையொப்பமிட வேண்டும். முன்னரே மணவிழா நடத்தி ஒன்றாக வாழ்வோரும் இச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி தம் மணத்தைப் பதிந்துகொள்ளலாம்.

சடங்கோடு மணப்பவர்க்கு வேறொரு நுட்பம் உண்டு. பிரெஞ்சு நாட்டில் கையொப்பமே திருமணம். நம் இந்து திருமணச் சட்டத்திலோ சடங்கே திருமணம். பதிவு அதற்குச் சான்று. சடங்கு ஏதும் நடவாமல் சான்றிதழ் மட்டும் பெற்றால் அது திருமணமாகாது என்று உச்சநீதிமன்றம் 2024இல் தெளிவுபடுத்தியது. அதே நீதிமன்றம் 2006இல், எல்லாத் திருமணங்களும் பதியப்பட வேண்டும் என்றும் கூறியுள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாலையும் வேண்டும், கையொப்பமும் வேண்டும் என்பதே நமக்குரிய பாடம்.

சொந்த ஊரில் வாழ்பவர்க்கு ஊரே சாட்சி. நாமோ பிழைப்பை நாடி வந்தவர்கள். தருமபுரியிலோ வேலூரிலோ குலதெய்வக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அடுத்த வாரமே இங்குள்ள ஆலைக்குத் திரும்பிய குடும்பங்கள் எத்தனை! அத்தகைய தொழிலாளி ஒருவர் திடீரென இறந்துவிட்டால், ஓய்வூதியத்துக்கும் வைப்புநிதிக்கும் அவர் மனைவி அலுவலகப் படியேற வேண்டும். "நீர் மனைவி என்பதற்குச் சான்று என்ன?" என்று அங்கே கேட்பார்கள். கழுத்துத் தாலியைக் காட்டினால் ஏற்பார் இல்லை. மணம் கண்ட பெரியவர்கள் மறைந்திருப்பர்; அழைப்பிதழும் செல்லரித்திருக்கும். துயரத்தோடு அலைச்சலும் சேரும். அந்த அலைச்சலை ஒரு நாள் முயற்சியால் தவிர்க்கலாம் அன்றோ?

ஆகவே, இல்லத்தில் மணவிழா நடத்தும் பெற்றோர், சமையற்காரருக்கும் மேளக்காரருக்கும் முன்பணம் கொடுக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். சடங்கு முறையில் மணந்தோர், மூத்த உறவினர்கள் ஊர் திரும்பும் முன்னரே அவர்களைச் சாட்சிகளாக அழைத்துச் செல்லுங்கள். பழைய தம்பதியரும் தயங்க வேண்டா. பேரன் பேத்தி கண்டபின் பதிந்தாலும் பதிவு பதிவே. அரியணையில் இருப்பவரே ஏட்டில் கையொப்பமிட்டுத்தான் மனைவியின் உரிமையைக் காக்கிறார் என்றால், நம் வீட்டுப் பெண்ணுக்கு அக்காவலை நாம் ஏன் மறுக்க வேண்டும்?