பரதுக்கம் பொறாமை: இக்காலத்தார்க்கு அது குறைந்ததோ?

ஒருவர் துன்பம் மற்றொருவர் நெஞ்சில் உறைப்பதில்லை. காலம் கெட்டது என்னும் முறையீடு உபந்யாஸ மேடைகளிலும் திருமாளிகைத் திண்ணைகளிலும் பரக்கக் கேட்கப்படுகிறது. இதற்குப் பிரமாணமாக, ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஆறாம் அம்சத்தில் ஸ்ரீபராசர மஹரிஷி விரித்துரைக்கும் கலிதர்மங்களை எடுப்பாரும் உளர். அப்பிரமாணம் இவ்விடத்திற்கு வேண்டிய அளவு உதவாது. கலி முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதைக் கொண்டு, பாட்டனார் காலத்தினும் பேரன் காலத்தில் இரக்கம் சுருங்கிற்று என்று ஸாதிக்க வொண்ணாது. அன்றியும், அதே அம்சத்தில் வ்யாஸ பகவான் கலியுகத்தை நல்லது என்று கொண்டாடும் கட்டமும் உண்டு. முறையிடுவோர் அதனை எடுப்பதில்லை.

குறைந்ததோ என்று வினவுமுன், குறைந்ததாகச் சொல்லப்படும் பொருளின் லக்ஷணம் இன்னதென்று தெளிதல் வேண்டும். இவ்விஷயத்தில் ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்துக்கு ஒரு தனிச் செல்வம் உண்டு. தயை என்பது யாது என்று இரு கலையாரும் பல தலைமுறைகள் வாதித்திருக்கின்றனர். பிள்ளை லோகாசார்யர், மணவாள மாமுனிகள் வழி வந்தோர், பிறர் துக்கங்கண்டு தானும் துக்கித்தலே தயை என்று கொண்டு அதனைப் பரதுக்கதுக்கித்வம் என்பர். ஸ்ரீ வேதாந்த தேசிகன் வழி வந்தோர், தன்பயன் நோக்காது பிறர் துக்கத்தைப் போக்கவேணும் என்னும் இச்சையே தயை என்று கொண்டு அதனைப் பரதுக்க நிராசிகீர்ஷை என்பர்.

இவ்வேறுபாடு எழுந்தது எம்பெருமான் விஷயத்திலே. சாந்தோக்ய உபநிஷத்தின் எட்டாம் பிரபாடகம் ஆத்ம ஸ்வரூபத்தைச் சோகமற்றது என்று ஓதுகிறது. சோகமற்றவனுக்குத் துக்கித்தல் கூடுமோ என்பது ஒரு சாரார் வினா. கர்மமடியாக வரும் துக்கமே அங்கு விலக்கப்பட்டது. அடியார்பக்கல் வாத்ஸல்யமடியாக வரும் துக்கம் குணமேயன்றிக் குற்றமாகாது என்பது மற்றொரு சாரார் விடை. இரு சாராரும் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்ரீராமாயணம் அயோத்யா காண்டம் இரண்டாம் ஸர்க்கத்தில், பெருமாளுக்கு முடிசூட்டவேணும் என்று ஏன் விரும்புகிறீர்கள் என்று சக்கரவர்த்தி கேட்க, ஸபையோர் அவருடைய குணங்களை அடுக்குகின்றனர். மனிதர்க்கு இடர் வந்தவிடத்து அவர் மிகவும் துக்கிக்கிறார் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வாதத்தில் வெற்றி தோல்வி காட்டுதல் ஈண்டுக் கருத்தன்று. வாதத்தின் சூட்டில் மறைந்துபோன பயன் ஒன்றுண்டு. இக்காலத்து மனவியலார் அரும்பாடுபட்டுப் பிரித்த இரண்டு பொருள்களை ஆசார்யர்கள் முன்னமே பிரித்து வைத்திருந்தனர் என்பதே அது.

மேலைநாட்டில் இன்று ‘எம்பதி’ என்று வழங்கும் சொல் பழமையானதன்று. ஜெர்மானியர் கலைநுகர்ச்சியைப் பற்றி வழங்கிய ‘ஐன்ஃப்யூலுங்’ என்னும் சொல்லுக்கு ஈடாக, 1909ஆம் ஆண்டு டிச்சனர் என்னும் மனவியலார் அதனை ஆங்கிலத்தில் அமைத்தார். இதனை அளக்க வழி தேடியவருள் மார்க் டேவிஸ் என்பவர் 1980ஆம் ஆண்டளவில் ஒரு வினாநிரல் வகுத்தார். அதில் நான்கு உறுப்புகள் உண்டு. அவற்றுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கன. துன்புறுவார்மேல் செல்லும் இரக்கம் ஒன்று. பிறர் துன்பங்கண்டு தான் கலங்கித் தவித்தல் மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், முன்னதற்கு விஷயம் துன்புறுகிறவன். பின்னதற்கு விஷயம் காண்கிறவன் தானே. ஒருவன் விபத்தைக் கண்டு தலைசுற்றி விலகி நிற்பதும், மற்றொருவன் ஓடிச்சென்று தாங்குவதும் இவ்வேறுபாட்டால் வருவன. மூன்றாம் உறுப்பு, பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தல். நான்காவது, கதைமாந்தரோடு ஒன்றுதல்.

இவ்வினாநிரலைக் கொண்டே மேற்சொன்ன முறையீடு அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. ஸாரா கான்ராத் என்பாரும் உடனாய்வோரும் 1979 முதல் 2009 வரை அங்குள்ள கல்லூரி மாணவர் 13,737 பேர் தந்த விடைகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரக்கமும் பிறர் நிலையில் நின்று பார்த்தலும் குறைந்திருந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அக்குறைவு மிகுதியாய் இருந்தது. செய்தித்தாள்கள் இதனை எடுத்துக்கொண்டு, மனிதகுலமே இரக்கமற்றுப் போயிற்று என்று முழங்கின. அவர் முழக்கத்தில் விடுபட்டது ஒன்று: தான் கலங்கித் தவித்தல் என்னும் உறுப்பு குறையவில்லை. காண்பவனுடைய கலக்கம் இருந்தபடியே இருக்க, துன்புறுவானை நோக்கிய இரக்கம் மட்டும் தேய்ந்தது. இரு கலையாரும் தயை என்று ஏற்காத ஒன்றே தேயாமல் நின்றது. பரதுக்கதுக்கித்வம் என்றவர்களும் தன்னைப் பற்றிய கலக்கத்தைக் கருதவில்லை. பிறன் துக்கமே அங்கு நிமித்தமும் விஷயமும்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆய்வாளர் 2018ஆம் ஆண்டு வரையிலான விடைகளையும் சேர்த்துப் பின்னர் ஆராய்ந்தபோது, 2008ஆம் ஆண்டளவிலிருந்து அவ்விரண்டும் மீண்டும் ஏறக் கண்டனர். இச்செய்தி முன்னதன் அளவு பரவவில்லை. இரக்கம் அழிந்தது என்னும் வார்த்தை செவிக்கு இனிதாயிருப்பதும், அது மீண்டது என்னும் வார்த்தை இனியாதிருப்பதும் ஏன் என்பது ஆராயத்தக்கதே. ஒரு நாட்டு மாணவர் தம்மைப்பற்றித் தாமே எழுதியதை உலகத்தார் அனைவர்க்கும் ஏற்றுதல் இரண்டிடத்தும் பொருந்தாது என்பதும் உடன் கொள்ளத்தக்கது.

தன்னைப்பற்றித் தானே சொல்லும் சொல்லை விட்டுச் செயலை நோக்கினால் என்ன தெரிகிறது? லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன் என்னும் மூன்று நகரங்களின் தெருக்களில் பொருத்திய காமிராக்களில் பதிவான 219 சச்சரவுகளை ஆய்ந்து 2019ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. பத்தில் ஒன்பது இடங்களில் வழிப்போக்கர் ஒருவரேனும் இடைபுகுந்து உதவியிருந்தனர். அந்நகரத்தார் எவரும் தயாசதகம் ஓதினவரல்லர். நகரவாசி பிறர் துன்பங்கண்டும் காணாதான்போல் போவான் என்னும் துணிபு இவ்விடத்தில் நிற்கவில்லை.

ஓதினவர் நிலை எப்படி? இதற்கும் ஒரு சோதனை உண்டு. ஸத்ஸம்பிரதாய வித்வான்கள் அனைவரும் அறியத்தக்கது. 1973ஆம் ஆண்டு டார்லி, பாட்ஸன் என்னும் இருவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் கிறிஸ்தவ ஸமய போதகர் ஆவதற்குப் பயிலும் மாணவர் 40 பேரைச் சோதித்ததை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் அருகிலுள்ள மற்றொரு கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றவேண்டும். சிலர்க்குக் கொடுத்த பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அயலினத்தான் ஒருவன் எடுத்துக் காத்த விவிலியக் கதை. போகும் சந்தில் ஒருவன் சுருண்டு, இருமி முனகிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு. அவகாசம் உண்டு என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். நேரம் கடந்துவிட்டது, விரைக என்று ஏவப்பட்டவருள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். இரக்கக் கதையைச் சொல்லப்போகிறவர், வேறு பொருளைப் பேசப்போகிறவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாக உதவினார் என்பதற்கில்லை. சிலர் கிடந்தவனைத் தாண்டியே சென்றனராம். அவர்கள் நெஞ்சு கல் என்று சொல்லிவிடுதல் எளிது. சென்று சேர்ந்தபின் பலர் கலங்கியிருந்தனர் என்று ஆய்வாளரே எழுதினர். காத்திருப்பார்க்குக் கொடுத்த வாக்கு ஒருபுறமும் கிடப்பவன் ஒருபுறமுமாக இழுக்க, அவர்கள் வாக்கின் பக்கம் சென்றனர். காலக்ஷேபத்துக்கு நேரமாயிற்று என்று திருவீதியில் விரைந்து செல்பவர் இதனைத் தமக்குப் புறம்பானதாகக் கருதவேண்டுவதில்லை.

குறைந்தது இரக்கமோ அவகாசமோ என்னும் ஐயத்தை இச்சோதனை எழுப்புகிறது. விரைவு தயைக்குப் பகையென்று பொதுவில் முடிவுகட்டலாமோ எனின், ஆகாது. கஜேந்திராழ்வானைக் காக்க எழுந்தருளியபோது எம்பெருமானுக்கு உண்டான பதற்றத்தைப் பூர்வாசார்யர்கள் ஒரு குணமாகவே அனுபவித்தனர். ஸ்ரீ பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் அந்தத் த்வரைக்கே நமஸ்காரம் ஸமர்ப்பிக்கிறார். அங்கு விரைவு ஆர்த்தனை நோக்கியது. பிரின்ஸ்டன் மாணவர் விரைவு ஆர்த்தனைக் கடந்து செல்வது. ஸ்ரீராமாயணத்தில் மேற்காட்டிய ஸபையோரே மற்றொன்றும் சொல்கின்றனர். பெருமாள் போர் முடித்து யானைமேலோ தேர்மேலோ மீளும்போது, நகரத்தாரைத் தம் பந்துக்களைப்போல் கருதி, அவர்தம் மக்கள், மனைவியர், அக்நிகார்யம், பணியாளர், சிஷ்யர் ஆகிய ஒவ்வொன்றையும் முறையே க்ஷேமம் கேட்பார் என்கின்றனர். போர்க்களத்திலிருந்து மீள்கிற சக்கரவர்த்தித் திருமகனுக்கு அவகாசம் மிகுந்திருந்தது என்று யாரும் சொல்லார்.

துக்கித்தல், போக்க விரும்புதல் என்னும் இரண்டும் வேறென்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. ஓல்கா க்லிமெக்கி, டானியா ஸிங்கர் முதலிய ஆய்வாளர், சிலரைப் பிறர் துன்பத்தைத் தாமும் உணரும்படி பயிற்றினர். அவர்கட்குத் துன்பமே பெருகிற்று. பின் அவர்களையே, துன்புறுவார்க்கு நன்மை விரும்பும் பயிற்சியில் நிறுத்தினர். தளர்ச்சி நீங்கி மனம் தேறிற்று. நோயாளிகளிடையே நாள்தோறும் உழல்வோர் சிலர் உணர்ச்சி வற்றினவர்போல் ஆவது ஏன் என்பதும் இதனால் ஓரளவு விளங்கும். இதனைக் கொண்டு தேசிகன் பக்ஷம் வென்றது என்று கூத்தாடுவது பிழையாம். துக்கித்தல் இல்லாதவனுக்குப் போக்கும் இச்சை எங்கிருந்து எழும் என்னும் மாமுனிகள் வழியார் வினா அப்படியே நிற்கிறது. அச்சோதனையிலும் முன்னது முந்தியும் பின்னது பிந்தியுமே பயிற்றப்பட்டன.

ஸம்பிரதாயத்தார்க்கு மெய்யான இடர் வேறோரிடத்தில் உண்டு. துன்பத்துக்குக் கர்மமே காரணம் என்பது ஸித்தாந்தம். அதனைத் தன் துன்பத்தில் நினைப்பவனுக்கு அது பொறுமை தரும். பிறன் துன்பத்தில் நினைப்பவனுக்கு அது பூட்டிய கதவாய்விடும். வீடு இழந்தவனைப் பார்த்து அவன் செய்தது அவன் அனுபவிக்கிறான் என்று சொல்லி நகரும் வழக்கம், சாஸ்திரம் அறியாதாரைவிட ஓரளவு அறிந்தாரிடமே மிகுதி. இதனை முளையிலேயே கிள்ளும் வார்த்தை ஒன்றை நஞ்சீயர் பலகாலும் அருளிச்செய்வர் என்று வியாக்கியானத்தில் வழங்குகிறது. பிறர்க்கு ஒரு அனர்த்தம் வந்தபோது ஐயோ என்றிருந்தால் தனக்கு பகவத் ஸம்பந்தம் உண்டென்று கொள்ளலாம். இது வேண்டியதே என்றிருந்தால் அது இல்லையென்று கொள்ளலாம் என்பது அதன் கருத்து. கர்ம ஸித்தாந்தத்தை நஞ்சீயர் அறியாதவரல்லர். அறிந்தும் அதனை இவ்விடத்தில் பேசவொட்டாமல் தடுத்தார். அசோகவனத்தில் தன்னை நலிந்த ராக்ஷஸிகளைத் திருவடி தண்டிக்கப் புகுந்தபோது, பிராட்டி அவர்கள் குற்றத்தை இல்லையென்னவில்லை. குற்றம் செய்யாதார் யார் என்று கேட்டு இரக்கத்துக்கு இடம் பண்ணினாள். ஸ்ரீவசன பூஷணம் தனக்குக் குற்றம் செய்தவர் திறத்தில் பொறையோடு நில்லாமல் க்ருபையும் வேணும் என்று விதிப்பதும் இவ்வழியே.

நஞ்சீயர் கொடுத்த உரைகல்லும் டேவிஸ் வகுத்த வினாநிரல் போன்றே ஒருவன் தன்னைத் தானே வினவுவது. ஆயினும் அதனைக் கொண்டு பிறர் தலைமுறையை அளக்க வழியில்லை. காலம் கெட்டது என்பவன் அவ்வுரைகல்லைத் தன் கையிலிருந்து அயலான் கையில் மாற்றினவனாகிறான்.

எஞ்சி நிற்பது ஒன்று. அயோத்தி ஸபையோர் பெருமாளைப்பற்றிச் சொன்னது பாதியளவே இதுவரை பேசப்பட்டது. மனிதர் இடரில் துக்கிக்கிறவர், அவர்தம் உத்ஸவங்களில் தந்தைபோல் மகிழ்கிறார் என்பது மறுபாதி. தமிழில் பொறாமை என்னும் சொல் இவ்விடத்தில் வியப்புத் தருவது. பொறாதிருத்தல் என்பதே அதன் பொருளாயிருக்க, பிறர் ஆக்கம் பொறாததற்கே அது பேராய் நின்றுவிட்டது. பிறர் துக்கம் பொறாததையும் அதே சொல்லால் சொல்லலாம் என்பது வழக்கில் தேய்ந்தது. டேவிஸின் வினாநிரலில் இரக்கத்தை அளக்கும் வினாக்கள் பெரும்பாலும் குறைவுற்றாரையும் நலிவுற்றாரையும் பற்றியன. பிறர் வாழ்ச்சி கண்டு உள்ளம் குளிர்ந்ததோ என்று அது கேட்பதில்லை. துன்புற்றவனுக்கு இரங்குகையில் இரங்குகிறவன் ஒரு படி மேலே நிற்கிறான்; அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததில் மகிழ்கிறவனுக்கு அந்த உயரமும் இல்லை. அயலார் வீட்டுத் திருமணமும் புது மனையும் வெளிநாட்டுப் பயணமும் கைபேசித் திரையில் நாழிகைதோறும் வந்து விழும் இந்நாளில், தந்தைபோல் மகிழ்தல் எவ்வளவு குறைந்தது, அல்லது குறையவில்லை என்பதற்கு மேற்காட்டிய அளவைகளுள் எதிலும் விடை இல்லை. பிறர் ஸம்ருத்தியில் உகப்பு என்பதைப் பெரியோர்கள் எடுத்த இடங்களைத் தொகுத்து வியாக்கியான நோக்கில் ஆராய்தல் தனியே செய்யவேண்டிய பணி.